சுவரும் பதிலும்

சுவரொட்டியைப் பற்றி நம்மிடையே பேச்சு எழும்போதெல்லாம் அது 'கலையா, பிரசாரமா' என்ற கேள்வியில் போய் நின்றுவிடுகிறது. பிரசாரம் என்று தீர்ப்புச் சொல்பவர்கள் அத்தோடு விஷயம் முடிந்ததாக எழுந்துகொள்கிறார்கள். கலை என்று வாதிடுபவர்கள் கோடு, வண்ணம், எழுத்தின் வடிவம் என்று ஆரம்பித்து, அது எதைச் சொல்ல வந்தது, யாரிடம் சொல்ல வந்தது என்பதைக் கைவிட்டுவிடுகிறார்கள். இரு தரப்பாரும் சுவரொட்டியைச் சுவரிலிருந்து உரித்து அறைக்குள் கொண்டுவந்து பார்ப்பவர்களே. தெருவில் வைத்தே அதைப் பார்த்தால், ரசனைக்கு முன்னால் ஒழுக்கம் பற்றிய கேள்வி ஒன்று எழுகிறது.

தெருவில் போகிறவன் சுவரொட்டியைத் தேர்ந்தெடுப்பதில்லை. கவிதைத் தொகுப்பைக் காசு கொடுத்து வாங்குகிறேன். பிடிக்காவிட்டால் மூடி வைத்துவிடுகிறேன். சினிமாக் கொட்டகையிலிருந்து பாதியில் எழுந்து வரலாம். ரேடியோவை அணைக்கலாம். பொதுக்கூட்டத்துக்குப் போகாமலே இருக்கலாம். சுவரை மூட வழியில்லை. படிக்கத் தெரிந்த கண்ணுக்கு எழுத்தைப் பார்த்துவிட்டுப் படிக்காமலிருக்கும் சாமர்த்தியம் கிடையாது. பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பத்து நிமிஷத்தில் எதிர்ச் சுவரிலுள்ள அவ்வளவும் எனக்குள் போய்விடுகிறது: தலைவரின் பிறந்தநாள், மூல வியாதிக்கு மருந்து, ஒரு கண்டன ஆர்ப்பாட்டம், முந்தாநாள் இறந்துபோன யாரோ ஒருவரின் கண்ணீர் அஞ்சலி. இவற்றில் ஒன்றுக்கும் நான் சம்மதம் கொடுக்கவில்லை. சம்மதம் கொடுக்காத வாசகனை வைத்துக்கொண்டு நடக்கிற எழுத்து சுவரெழுத்து.

நம்முடையது போன்ற பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. முன்னூறு பேர் தாமாகச் சந்தா கட்டி வாங்குகிறார்கள். யாரையும் மறித்து நிறுத்தி நாம் எதையும் சொல்வதில்லை. அதனால் நம் எழுத்தின் நேர்மை ஒருவகையில் பரீட்சைக்கு உட்படாத நேர்மை. ஜன நடமாட்டமே இல்லாத சந்தில் நின்றுகொண்டு 'வெகுஜனத்துக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்' என்று சொல்வதில் பெரிய தியாகம் எதுவும் இல்லை. சுவரொட்டியின் தார்மீகம் நமக்குச் சம்பந்தமற்றது என்று நான் நினைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். நாம் செய்யத் துணியாத ஒரு காரியத்தை அது தினமும் செய்கிறது.

சம்மதம் தராதவனிடம் பேச ஒருவனுக்கு என்ன உரிமை? இதற்குத் தயாராக இரண்டு பதில்கள் இருக்கின்றன.

முதல் பதில்: உரிமை கிடையாது. இது சட்டத்தின் பதில், நகராட்சியின் பதில், வீட்டுக்காரனின் பதில். பொது இடங்கள் அலங்கோலமாவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959லேயே சட்டம் வந்துவிட்டது. நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கியின் மதிலில் 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று நீலத்தில் எழுதியிருக்கிறது. அதற்கு இரண்டு முழம் தள்ளி, டெபாசிட்டுக்கு எவ்வளவு வட்டி என்று சொல்லும் பலகை அதே மதிலில் இருக்கிறது. ஆக, மதில் மௌனமாக இல்லை. உடைமைக்காரன் பேசலாம், மற்றவன் பேசக்கூடாது என்பதே ஏற்பாடு. வழிப்போக்கனின் சம்மதத்தை இந்த ஏற்பாடும் கேட்பதில்லை. தெருவின் பெரும் பலகைகளில் வாடகை கொடுத்துப் பேசுகிறவர்களும் கேட்பதில்லை. சுத்தம், அழகு என்ற பெயரில் சுவரொட்டியை எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் வாடகை கொடுக்காத பேச்சை மட்டுமே எதிர்க்கிறார்கள்.

இரண்டாவது பதில்: சொல்லும் விஷயம் நியாயமானதாக இருந்தால் உரிமை உண்டு. இது இயக்கக்காரர்களின் பதில். தன் விஷயம் நியாயமானது என்று நினைக்காமல் நள்ளிரவில் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு எவனும் கிளம்புவதில்லை என்பதால், இந்தப் பதில் எல்லோருக்கும் எல்லா உரிமையையும் கொடுத்துவிடுகிறது. ஒருவனையும் பிரித்துக் காட்டாத அளவுகோல் அளவுகோலாக உதவாது.

எனக்குத் தோன்றுவது இது: சுவரொட்டிக்கு உரிமை வருவது, அதன்மேல் இன்னொருவன் இன்னொன்றை ஒட்டலாம் என்ற நிலைமையிலிருந்து. சம்மதம் கேட்காமல் பேசுகிறவன், கேட்பவன் பதில் சொல்ல இடம் விட்டிருக்கிறானா? விட்டிருந்தால் அது அரசியல் பேச்சு. விடவில்லையென்றால், வாசகம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், சித்திரம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அது உத்தரவு. சுவரொட்டியின் அற்ப ஆயுள் அதன் பலவீனமாகவே பேசப்பட்டு வந்திருக்கிறது. அதன் ஒழுக்கமே அந்த அற்ப ஆயுளில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இதைப் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. சில உதாரணங்களில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1968 மே மாதம் பாரிஸின் நுண்கலைக் கல்லூரியை மாணவர்கள் கைப்பற்றி, அதற்குள் 'மக்கள் பட்டறை' என்ற பெயரில் ஒரு சுவரொட்டிக் கூடத்தை ஆரம்பித்தார்கள். முதலில் கல்லச்சில் ஒன்று போட்டார்கள். ஆலைகளும் பல்கலைக்கழகங்களும் சேர வேண்டும் என்பதே அதன் செய்தி. கல்லச்சு வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. ஸில்க் ஸ்கிரீன் முறைக்கு மாறினார்கள். மலிவுத் தாள், ஒரே வண்ணம், தடித்த கோடு. ஏறக்குறைய ஆறு வாரங்களில் சில நூறு வடிவங்களைச் செய்தார்கள். ஜூன் 27 அன்று போலீஸ் புகுந்து கூடத்தைக் காலி செய்தது.

இவர்கள் வேலை செய்த முறை கவனிக்கத்தக்கது. தினமும் பொதுக்கூட்டம் கூடும். வரைந்து வந்த வடிவங்களை எல்லோர் முன்னும் வைப்பார்கள். இரண்டே கேள்விகள்: கருத்து சரியா? இந்தச் சித்திரம் அதைச் சொல்கிறதா? விவாதித்து ஏற்றுக்கொண்டதே அச்சுக்குப் போயிற்று. வரைந்தவன் பெயர் எதிலும் கிடையாது. பெயர் போடாததைப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகச் சிலர் சொல்லக்கூடும். மொட்டைக் கடிதம் எழுதுகிறவனும் பெயர் போடுவதில்லை. ஆனால் மொட்டைக் கடிதக்காரன் கேள்விக்குப் பயந்து பெயரை மறைக்கிறான். இவர்களோ கேள்வியை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டு, அதில் பிழைத்த சித்திரத்தைத் தெருவுக்கு அனுப்பினார்கள். சுவருக்கு வருமுன்பே அது பதிலைச் சந்தித்துவிட்டது.

அதைவிட முக்கியம், அந்தச் சுவரொட்டிகள் எதற்குப் பதிலாக வந்தன என்பது. அன்றைய பிரான்ஸில் டெலிவிஷன் அரசாங்கத்தின் பிடியில் இருந்தது. ஜனாதிபதி டிகால் பேசினால் தேசம் முழுவதும் கேட்டாக வேண்டும். திருப்பிப் பேச அந்தக் கருவியில் இடமில்லை. பட்டறையின் சுவரொட்டி ஒன்றில் ஹெல்மெட் அணிந்த போலீஸ்காரன் மைக் முன்னால் இருக்கிறான். தினமும் இரவு எட்டு மணிக்குப் போலீஸ் உங்களிடம் பேசுகிறது என்பது வாசகம். எட்டு மணி டெலிவிஷன் செய்தி நேரம். பதில் சொல்ல முடியாத குரலுக்குச் சுவரில் பதில் எழுதினார்கள். அவர்கள் வென்றார்களா என்றால் இல்லை. ஜூன் கடைசியில் நடந்த தேர்தலில் டிகாலின் ஆதரவாளர்கள் பெரும் மெஜாரிட்டியுடன் திரும்பினார்கள். பதிலின் மதிப்பை அதன் வெற்றியை வைத்துக் கணக்கிட நான் தயாராக இல்லை.

இனி, ஏறக்குறைய அதே வறுமையில், அதே எளிமையோடு செய்யப்பட்ட வேறொன்றைப் பார்க்கலாம். 1919 இலையுதிர்காலத்தில், உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த மாஸ்கோவில், 'ரோஸ்டா' என்ற செய்தி ஸ்தாபனம் காலியாகக் கிடந்த கடைகளின் கண்ணாடி ஜன்னல்களில் சித்திரங்களை வைக்க ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் செரெம்னிக் என்ற ஓவியர். சீக்கிரமே மாயகோவ்ஸ்கி வந்து சேர்ந்தார். தாள் தட்டுப்பாடு, அச்சகங்களை நம்ப முடியவில்லை. அட்டையில் அச்சு வெட்டி, வண்ணம் பூசிக் கையாலேயே பிரதிகள் எடுத்தார்கள். வாசகங்களில் பெரும்பாலானவற்றை மாயகோவ்ஸ்கியே எழுதினார். சித்திரங்களும் நிறைய வரைந்தார். பேன் ஒழிப்பிலிருந்து போலந்து யுத்தம் வரை எல்லாம் அந்த ஜன்னல்களில் வந்தது. ஒரு பெரிய கவி, இரண்டு வருஷத்துக்கு மேல், தன் பெயரைப் பற்றிக் கவலைப்படாமல், படிப்பறிவு குறைந்த ஜனங்களுக்காகத் தெருவில் எழுதினான் என்பது எந்த எழுத்தாளனையும் நிமிர்ந்து உட்காரவைக்கும் விஷயம். அவற்றின் பிரதிகளைப் புத்தகங்களில் பார்க்கும்போது, நான்கைந்து வண்ணங்களில் இவ்வளவு வேகத்தைக் கொண்டுவர முடியுமா என்று எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

ஆனால் எதிர் ஜன்னலில் வேறு எதுவும் இல்லை. மற்றக் கட்சிகளின் பத்திரிகைகள் பெரும்பாலும் 1918லேயே மூடப்பட்டுவிட்டன. மாயகோவ்ஸ்கியின் ஜன்னலுக்குப் பதிலாக இன்னொருவன் ஒரு ஜன்னலை வைக்க முடியாது. யுத்த காலம், பஞ்சம், நாலாபுறமும் எதிரிகள் என்று சமாதானம் சொல்லலாம்; அந்தச் சமாதானத்தில் உண்மையும் இருக்கிறது. ஆனால் யுத்தம் முடிந்த பிறகும் எதிர் ஜன்னல் திறக்கவில்லை. 1920களின் நடுவில் மாயகோவ்ஸ்கி, ரோத்சென்கோ என்ற ஓவியருடன் சேர்ந்து, அரசாங்கக் கடைகளுக்கு விளம்பரம் எழுதினார். பிஸ்கட்டும் குழந்தைகள் சப்பும் ரப்பரும் கூட அதில் அடக்கம். அந்தப் புரட்சி ஜன்னலுக்கும் இந்த விளம்பரத்துக்கும் இடையே உள்ள தூரம், நாம் நினைக்க விரும்பும் அளவுக்குப் பெரிதல்ல. இரண்டும் எதிர்ப்பேச்சை எதிர்பார்க்காதவை. 1930 ஏப்ரல் 14 அன்று அவர் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். அதற்கு ஒரே காரணம் தேடுவது அற்பத்தனம். அவருடைய எழுத்துக்குக் கைதட்டவும் அவரைத் தண்டிக்கவும் ஸ்தாபனங்கள் இருந்தன, நேர்நின்று பதில் சொல்லும் சுவர் மட்டும் இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வரலாம். திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடி, அங்கே சிமெண்ட் ஆலை வைத்த வடநாட்டு முதலாளியின் பெயரால் டால்மியாபுரம் ஆயிற்று. ரயில் நிலையத்தின் பலகையிலும் அந்தப் பெயரே. 1953 ஜூலை 15 அன்று தி.மு.க.வினர் கருணாநிதியின் தலைமையில் அங்கே போய், பலகையின்மேல் 'கல்லக்குடி' என்று எழுதிய தாளை ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் படுத்தார்கள். அந்தப் போராட்டத்தின் அரசியலைப் பற்றி அவரவருக்கு அபிப்பிராயங்கள் இருக்கலாம். சுவரொட்டியாக மட்டும் பார்த்தால், தமிழில் ஒட்டப்பட்ட தாள்களில் அதற்கு நிகரானதை நான் அறியவில்லை. சித்திரம் இல்லை, கோஷம் இல்லை, தலைவர் முகம் இல்லை. ஓர் ஊரின் பெயர், அவ்வளவுதான். இரும்புப் பலகை எழுப்பிய வாக்கியத்துக்குக் காகிதம் சொன்ன பதில். மழை வந்தால் கரைந்துபோகும் பதில். ஒட்டியவர்கள் கூலிக்கு ஒட்டவில்லை. ஒட்டிய கையோடு ரயிலுக்கு முன்னால் தங்கள் உடம்பை வைத்தார்கள். பின்னாளில் நிலையத்தின் பெயர் மாறிற்று.

அந்தத் தாளிலிருந்து இன்றைய சுவருக்கு வந்து சேர்ந்த பாதை தனியாக எழுதப்பட வேண்டிய சரித்திரம். நான் அதன் முடிவை மட்டும் சொல்கிறேன். இப்போது எந்த ஊருக்குப் போனாலும் வெள்ளையடித்து வைத்த நீண்ட சுவர்களைப் பார்க்கலாம். ஓரத்தில் ஒரு கட்சியின் பெயர், ஒரு வருஷம். நடுவில் ஒன்றும் இல்லை. தேர்தல் வரும்போது எழுதுவதற்காகப் பிடித்து வைத்த சுவர். எல்லாக் கட்சிகளும் இதைச் செய்கின்றன. பெரிய கட்சிகள் பெரிய சுவரைப் பிடிக்கின்றன. சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த 1990–96 ஆண்டுகளில் சுவரெழுத்தின் மேல் கெடுபிடி வந்தது. பழக்கம் குறைந்ததே தவிர மறையவில்லை. சொல்வதற்கு எதுவும் தோன்றுமுன்பே சொல்லும் இடத்தை அடைத்துக்கொள்வது என்பது யோசிக்க யோசிக்க விசித்திரமாக இருக்கிறது. அந்த வெற்றுச் சுவர் சொல்வது ஒன்றே: இங்கே நீ பதில் எழுதாதே. நம் அரசியலைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் அந்த வெள்ளைச் சுவரளவுக்குத் தெளிவாகப் பேசியதில்லை.

எழுதப்படும் சுவர்களிலும் நிலைமை அதிகம் மேலானதல்ல. நம்முடைய அரசியல் சுவரொட்டியில் பெரும்பாலும் செய்தி என்று ஒன்று கிடையாது, இருப்பது வரிசை. மேலே பெரிய முகம், அதற்குக் கீழே அடுத்த முகம், ஓரத்தில் வட்டம் வட்டமாகச் சின்ன முகங்கள், அடியில் 'இவண்' என்று போட்டு ஒட்டியவரின் பெயர், பதவி, வட்டம். இதில் ஒட்டியவரின் முகம் எந்த அளவில், யாருக்குப் பக்கத்தில் வருகிறது என்பதே விஷயம். இது வழிப்போக்கனிடம் பேசவே இல்லை. காரில் அந்த வழியாகப் போகவிருக்கும் ஒருவரின் கண்ணுக்காக ஒட்டப்பட்டது. நாம் இடையில் நிற்பதால் நமக்கும் தெரிகிறது. பாரிஸில் பெயரை எடுத்துவிட்டுக் கருத்தை ஒட்டினார்கள். இங்கே கருத்தை எடுத்துவிட்டுப் பெயரை ஒட்டுகிறோம். கருத்து இல்லாத இடத்தில் பதிலுக்கும் வழியில்லை. ஒரு முகத்துக்கு என்னவென்று பதில் சொல்வது?

ஒட்டுகிறவன் விஷயமும் இருக்கிறது. மைதாமாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை, வாளி, ஏணி, சைக்கிள் அல்லது மொபெட். இரவு பதினொரு மணிக்கு மேல் வேலை. ஒரே ஆள் ஒரே இரவில் இரண்டு எதிர்க் கட்சிகளுக்கும் ஒரு சினிமாவுக்கும் ஒரு சாவுக்கும் ஒட்டிவிட்டு விடிகாலையில் டீ குடிக்கிறான். அவனை நான் குறை சொல்லவில்லை. கூலிக்கு வேலை செய்கிறவனிடம் கொள்கை கேட்பது அநியாயம். ஆனால் சொல்கிறவன் ஒருவன், ஒட்டுகிறவன் இன்னொருவன் என்று ஆனபோது, சுவரில் பேசுவதற்கு இருந்த ஆபத்து மறைந்துவிட்டது. போலீஸ் பிடித்தால் கூலிக்காரனைப் பிடிக்கும். ஆபத்தில்லாத பேச்சுக்குச் சம்மதம் கேட்காமலிருக்கும் உரிமை மட்டும் எப்படி மிஞ்சும்?

இவ்வளவுக்கும் நடுவில் நம் சுவர்களில் பதில் முழுக்கச் செத்துவிடவில்லை. சினிமாச் சுவரொட்டியில் சாணி அடிக்கிறார்கள். தலைவர் படத்துக்கு மீசை வரைகிறார்கள். மாடு தின்கிறது, அதைப் பதில் என்று சொல்ல மாட்டேன், பசையின் ருசி. கண்ணீர் அஞ்சலியை நான் மரியாதையோடு படிக்கிறேன். வாழ்நாளில் ஒருமுறையும் அச்சில் பெயர் வராத மனிதருக்கு அந்த ஒரு நாள், அந்த ஒரு சுவர். எவனும் அதன்மேல் வேண்டுமென்று சாணி அடிப்பதில்லை. பதில் தேவைப்படாத பேச்சும் சுவரில் இருக்க முடியும் என்பதற்கு அது ஒன்றே எனக்குத் தெரிந்த உதாரணம். மரணம் யாருக்கும் உத்தரவு போடவில்லை என்பதால் இருக்கலாம்.

என் அளவுகோலுக்கு ஒரு பலமான ஆட்சேபணை உண்டு. பதிலுக்கு இடமிருந்தால் போதுமா? 1932இல் பெர்லின் தெருக்களில் இடத்துக்குப் பஞ்சமில்லை. எல்லாக் கட்சிகளும் ஒட்டின. ஜான் ஹார்ட்ஃபீல்ட் அப்போது அங்கே இருந்தார். பிறப்பில் ஹெல்முட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட். முதல் யுத்தத்தின்போது ஜெர்மனியில் மூட்டப்பட்ட ஆங்கில துவேஷத்தைச் சகிக்காமல் 1916இல் தன் பெயரை ஆங்கிலமாக்கிக்கொண்டவர். தன் பெயரையே ஒரு பதிலாகச் செய்தவர். 1928 தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சியின் பட்டியல் எண் ஐந்து. அதற்கு அவர் செய்த சுவரொட்டியில் அழுக்குப் படிந்த ஒரு தொழிலாளியின் விரிந்த கை, ஐந்து விரல்கள். 1932இல் ஹிட்லர் மேடையில் முழங்கும் புகைப்படத்தை மார்பின் எக்ஸ்ரேயோடு சேர்த்து ஒட்டினார். முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் தங்க நாணயங்களின் அடுக்கு. விழுங்குவது தங்கம், கக்குவது குப்பை என்பது வாசகத்தின் சாரம். பத்திரிகையில் வந்தது பெரிதாக்கப்பட்டுப் பெர்லின் தெருக்களிலும் ஒட்டப்பட்டது. பதில் என்றால் இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது. 1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். ஹார்ட்ஃபீல்ட் ப்ராகுக்குத் தப்பி ஓடினார். 1938இல் அங்கிருந்து இங்கிலாந்துக்கு.

எல்லோரும் ஒட்டிய சுவரில், மற்றவர்கள் ஒட்டுவதை நிறுத்தப் போகிறேன் என்று ஒட்டியவன் ஜெயித்தான். ஆகவே பதிலுக்கு இடம் என்பது மட்டும் போதாது. பதிலே இல்லாத நாளைக் கேட்கும் சுவரொட்டி, பதிலுக்கு இடமுள்ள சுவரில் ஒட்டப்பட்டாலும், தன் உரிமையைத் தானே இழந்துவிடுகிறது என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்படிச் சொன்னவுடன் சங்கடம் ஹார்ட்ஃபீல்டின் மேலும் விழுகிறது. அவர் கட்சி, அந்த வருஷங்களில், நாஜிகளோடு சேர்த்து சோஷல் டெமாக்ரட்டுகளையும் எதிரிகளாகவே நடத்தியது. அவருடைய படங்களில் சில அந்த வேலையையும் செய்தன. தலை முழுவதும் சோஷல் டெமாக்ரட் பத்திரிகையால் சுற்றிக் கட்டப்பட்ட மனிதனின் படம் அவற்றில் ஒன்று. படம் அபாரமானது. அதன் பின்னாலிருந்த அரசியல் நாசகரமானது. சித்திரத்தின் மேன்மை சொல்லும் விஷயத்துக்குச் சாட்சியாகாது என்பதை நாஜிகளின் சுவரொட்டிகளை வைத்துச் சொல்வது சுலபம். ஹார்ட்ஃபீல்டை வைத்துச் சொல்வதே நமக்குப் பிரயோஜனம்.

1950இல் அவர் கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பினார். மேற்கு நாட்டில் இருந்துவிட்டு வந்தவர் என்று அங்கே அவரைச் சந்தேகித்தார்கள். கலைக்கழகத்தில் இடம் கிடைக்க 1956 வரை ஆயிற்று. பிறகு கௌரவங்கள் வந்தன. 1961இல் பெர்லினின் நடுவே சுவர் எழுந்தது. அதன் மேற்குப் பக்கம் நாளடைவில் ஓர் அங்குலம் விடாமல் கிறுக்கல்களும் சித்திரங்களுமாக நிறைந்தது. கிழக்குப் பக்கத்தை யாரும் நெருங்க முடியாது. கிட்டப் போகிறவனைச் சுட உத்தரவு இருந்தது. 1968 ஏப்ரலில், பாரிஸ் பட்டறை ஆரம்பமாவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஹார்ட்ஃபீல்ட் அந்தக் கிழக்குப் பக்கத்தில் இறந்தார். நம் நூற்றாண்டுகளில் பதில் சொல்லும் சித்திரத்தை அவரைப் போல் செய்தவர் இல்லை. அவர் கடைசியில் வாழ்ந்தது ஒன்றுமே எழுதப்படாத சுவருக்குப் பக்கத்தில்.

இது கம்யூனிஸ்டுகளுக்கு மட்டும் நேரும் விபத்தல்ல. கல்லூரியில் எங்களுக்கு மில்டனைப் பாடமாக வைத்தார்கள். 1644இல், அச்சிடுமுன் அனுமதி வாங்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து ஆங்கிலத்தின் மிகச் சிறந்த வாதத்தை எழுதியவர் அவர்; பொய்யும் உண்மையும் நேருக்கு நேர் மோதட்டும் என்றவர். அந்த வாதத்திலேயே கத்தோலிக்கர்களுக்கு இடமில்லை. ஏழு வருஷம் கழித்து, புரட்சி அரசாங்கத்தின் செய்தித்தாள் ஒன்றுக்கு அனுமதி வழங்கும் அதிகாரியாக அவரே இருந்தார். தன் கட்சி ஜெயித்த பிறகும் எதிராளியின் சுவருக்காக வாதாடுகிறவர்கள் எந்தக் காலத்திலும் அபூர்வம்.

பதிலை அழிப்பதற்கு முரட்டு வழியும் உண்டு, நயமான வழியும் உண்டு. முரட்டு வழிக்குச் சிலி நாட்டை எடுத்துக்கொள்ளலாம். அங்கே 1968இல் கம்யூனிஸ்ட் வாலிபர்கள் ரமோனா பார்ரா என்ற பெயரில் சுவரெழுத்துப் படைகளை அமைத்தார்கள். 1946இல் சான்டியாகோவில் போலீஸ் துப்பாக்கிக்கு இறந்த இளம் பெண்ணின் பெயர் அது. ஒருவன் கோடு போடுவான், ஒருவன் பின்னணி பூசுவான், மற்றவர்கள் உள்ளே நிரப்புவார்கள். போலீஸ் வருமுன் முடித்துவிட்டு ஓட வேண்டும் என்பதிலிருந்து பிறந்த வேலைப் பிரிவினை. அந்த அவசரத்திலிருந்தே அவர்களுடைய தடித்த கருங்கோடும் பிறந்தது. 1970இல் அலெண்டே ஜெயித்தார். 1971இல் உலகப் புகழ்பெற்ற ரொபர்ட்டோ மாத்தா இந்த வாலிபர்களோடு சேர்ந்து ஏழைப் பேட்டையான லா கிராஞ்ஹாவில் ஒரு பெரிய சுவரை வரைந்தார். 1973 செப்டம்பர் 11க்குப் பிறகு வந்த ராணுவ ஆட்சி அதன்மேல் திரும்பத் திரும்பப் பூச்சு அடித்தது. பதினாறு பூச்சு என்கிறார்கள். ஜனநாயகம் திரும்பிப் பல வருஷங்கள் கழித்து, பூச்சுகளைச் சுரண்டி அந்தச் சித்திரத்தை மீட்டார்கள். சாணி அடிப்பவன் அடியிலிருப்பதைத் தெரியும்படி விட்டு வைக்கிறான். தன் வெறுப்பையும் சபையில் வைக்கிறான். வெள்ளையடிப்பவன் சண்டை நடந்த சுவடையே துடைக்கிறான். இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கக்கூடாது.

நயமான வழிக்கு வெளிநாடு போக வேண்டாம். 2009இல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலையில் சுவரொட்டிகளைத் தடை செய்துவிட்டு, சுவர்களில் நம் கலாசாரப் பெருமைகளை வரைய ஏற்பாடு செய்தது. ஃபிளெக்ஸ் வந்து பிழைப்பிழந்த பானர் ஓவியர்களுக்குக் கொஞ்ச நாள் வேலை கிடைத்தது. அது நல்ல காரியம். தூண், கோபுரம், நடனம். சுவர் சுத்தமாயிற்று என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஒரு கண்டன ஆர்ப்பாட்டத்தின் தாள் இருந்த இடத்தில் கோபுரம் வந்தால், கோபுரத்துக்கு எதிராக யார் என்ன ஒட்டுவது? 2020இல் கண்ணகி நகரில் அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்டமான முகங்களை வரைந்தார்கள். சென்னையின் நடுவிலிருந்த குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களை 2000க்குப் பிறகு கொண்டுபோய்க் குடிவைத்த இடம் அது. ஓவியங்களில் தேர்ந்த கை தெரிகிறது. அங்கே இருப்பவர்களில் பலருக்கு, தங்கள் பேட்டையின் கெட்ட பெயருக்கு அது ஒரு மாற்றாகத் தோன்றியிருக்கலாம். அதை எட்ட நின்று கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் தண்ணீரைப் பற்றியோ, வேலைக்குப் போக வேண்டிய தூரத்தைப் பற்றியோ அங்கிருக்கும் ஒருத்தி அந்த முகத்தின்மேல் நாலு வரி எழுதினால் அதன் பெயர் என்ன? அலங்கோலம். பதினாறு பூச்சு அடிக்காமலே ஒரு சுவரை மௌனமாக்க முடியும். அழகாக ஏதாவது வரைந்துவிட்டால் போதும்.

பாரிஸ் சுவரொட்டிகளுக்கும் இதுதான் நேர்ந்தது. அவற்றை அலங்காரமாக மாட்டுவதையும், கலைப்பொருளாகப் பாவிப்பதையும் பட்டறைக்காரர்களே எதிர்த்து அறிக்கை விட்டிருந்தார்கள். இன்று அவை மியூசியங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. ஏலத்தில் நல்ல விலைக்குப் போகின்றன. கண்ணாடியின்மேல் யாரும் எதையும் ஒட்ட முடியாது. போலீஸ் கிழித்தபோது அவை பேச்சாகவே இருந்தன. மாட்டப்பட்டபோது பேச்சு நின்றது.

நான் சொல்வதை ஒப்புக்கொண்டால் நமக்குச் சில நஷ்டங்கள் உண்டு. மாயகோவ்ஸ்கியின் ஜன்னல்களைச் சித்திரங்களாக ரசிக்கலாம். விடுதலையின் குரல் என்று இனிக் கொண்டாட முடியாது. எனக்கு அது வருத்தமான விஷயம். எனக்குப் பிடிக்காத கட்சியின், கோரமான எழுத்தில் அடித்த தாளுக்கும், பக்கத்தில் ஒரு முழம் இடம் விட்டு ஒட்டப்பட்டிருந்தால், ஒட்டும் உரிமை உண்டென்று வாதாட வேண்டிவரும். அதுவும் சந்தோஷமான வேலை அல்ல. ரசனை உள்ளவர்கள் என்று நம்மை நாமே நினைத்துக்கொள்கிறவர்களுக்கு, அவலட்சணமான பதிலைவிட அழகான மௌனம் மேல் என்ற சபலம் எப்போதும் இருக்கிறது. அண்ணா சாலைக் கோபுரங்கள் எனக்கும் முதல் நாள் பிடித்தே இருந்தன.

நம் பத்திரிகைகளின் விஷயத்தையும் இதே தராசில் வைக்கலாம். கடிதங்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கிய இதழ்கள் உண்டு. 'இந்த விவாதம் இத்துடன் முடிகிறது' என்று கட்டம் கட்டி, தன் தரப்பின் கடைசி வார்த்தையோடு கதவைச் சாத்திய இதழ்களும் உண்டு. இரண்டாவது ரகம் தமிழில் குறைவில்லை. முன்னூறு பேரின் சம்மதத்தோடு அதைச் செய்தோம் என்பது சமாதானமாகாது. இந்தக் கட்டுரைக்கு யாராவது எதிர்த்து எழுதினால், அதே எழுத்தளவில், அதே பக்கத்தில் அதைப் போட வேண்டும் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.